மத்தியூஸின் இடப்பக்கம்

சாக் ஹைமனை ஓஸ்ரன் மத்தியூஸின் இடப்பக்கத்திலிருந்து தூக்க வேண்டும் என்று என் மருமகன் சொன்னான். தூக்கக் கூடாது என்று நான் சொன்னேன். 2016 ஒக்ரோபரில் தொடங்கிய வாக்குவாதம் அது. அவன் கனடாவில், ஸ்காபரோவில். நான் கொழும்பு 12, புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பின்னால் இறங்கும் ஒழுங்கையில். ரொறன்ரோவில் இரவு ஏழு மணிக்கு ஐஸ் ஹொக்கி ஆட்டம் தொடங்கினால் இங்கே விடிய ஐந்தரை. அங்கே கடிகாரத்தைக் குளிர்காலத்துக்குத் திருப்பி வைக்கும் முன் என்றால் நாலரை. ஆட்டம் முடியும் நேரத்துக்கு நான் குளித்து, சட்டத்தரணி சேரின் வழக்குக் கோவைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்கு வந்திருப்பேன். அங்கே வைத்துத்தான் அவனுடைய அழைப்பு வரும்.

அக்கா 83 ஜூலைக்குப் பிறகு புறப்பட்டுப் போனவ. மருமகன் அங்கே பிறந்தவன். அவன் சிறுவனாக இருந்த காலத்தில் தொலைபேசியில் "சாப்பிட்டியோ, படிக்கிறியோ, அங்க சரியான குளிரோ" என்பதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அவனுக்கும் "ஓம் மாமா" என்பதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. அவன் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் தானாகவே கேட்டான்: "மாமா, எங்கட ரீமுக்கு மூண்டு புதுப் பெடியள் வந்திருக்கிறாங்கள். ஆரை ஆரோட விளையாட விடலாம் எண்டு நினைக்கிறீங்கள்?"

என்னை ஒரு ஆளாக மதித்துக் கேட்ட கேள்வி. பதில் சொல்ல ஆட்டத்தை முதலில் கற்றாக வேண்டும். அவனே வாத்தியாரானான். பனித்தளத்தில் ஒரு பக்கத்துக்குக் கோல் காப்பாளரோடு ஆறு பேர். அதில் முன்வரிசைக்காரர் மூவர்: நடுவில் ஒருவர், இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். இந்த மூவர் கூட்டத்தைத்தான் லைன் என்பார்கள். ஓர் ஆட்டத்துக்கு நாலு லைன், பன்னிரண்டு பேர். முழு வேகத்தில் சறுக்குகிறவனால் முக்கால் நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு லைன் வேலியைத் தாண்டி உள்ளே வர, மற்ற லைன் வெளியே ஏறும். ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும் வேளைகளில் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை சொந்த ஊர் அணிக்கு உண்டு. எதிராளி யாரை இறக்கியிருக்கிறான் என்று பார்த்த பிறகு, அவனுக்கு எதிராக யாரை விடுவது என்று பயிற்சியாளர் முடிவெடுக்கலாம். இந்த இடத்தில்தான் எனக்கு ஆட்டம் பிடிபடத் தொடங்கியது. வாழ்நாள் முழுக்க நீதிமன்றத்துக்குப் போய்வந்தவனுக்கு, எதிர்த்தரப்பில் யார் எழும்புகிறார் என்று பார்த்துவிட்டு ஆளை இறக்குவது புரியாமல் போகுமா?

அந்த அணி ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ். கடைசியாக ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது 1967இல். என் மருமகன் பிறக்குமுன்னே தொடங்கிய வறட்சி. 2014இல் பிரெண்டன் ஷனஹான் தலைவராக வந்தார். இருப்பதை ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டு, கலைத்துக் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். 2015 மேயில் மைக் பாப்கொக் பயிற்சியாளரானார். ஜூலை முதலாம் திகதி, அதிகம் கோல் போட்டுக்கொண்டிருந்த ஃபில் கெஸலைப் பிற்ஸ்பேர்க்குக்குக் கொடுத்துவிட்டார்கள். 2015-16 பருவத்தில் முப்பது அணிகளில் முப்பதாவது இடம், 69 புள்ளி. தோற்ற அணிக்கு முதல் ஆளைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு குலுக்கலில் கூடும். குலுக்கலும் வாய்த்தது. 2016 ஜூனில் மத்தியூஸ் வந்தான். 2014இல் எடுத்த வில்லியம் நீலண்டரும் 2015இல் எடுத்த மிற்ச் மார்னரும் அதே பருவத்தில் முழுநேரமாக அணிக்குள் வந்தார்கள்.

மத்தியூஸ் அரிசோனாவில் வளர்ந்தவன். பாலைவனத்துப் பிள்ளை. அதற்கு முந்திய வருடம் சூரிச் நகரத்து அணியில் வளர்ந்த ஆண்களோடு விளையாடிவிட்டு வந்தவன். எங்கள் உறவினர் பாதிப்பேர் சுவிஸில் இருப்பதால் எனக்கு அது ஏதோ ஊர்த் தொடர்பு மாதிரி இருந்தது. 2016 ஒக்ரோபர் 12, ஒட்டாவாவில் அவனுடைய முதல் ஆட்டம். இங்கே 13ஆம் திகதி விடியப்புறம். நாலு கோல் போட்டான். நவீன காலத்தில் முதல் ஆட்டத்திலேயே நாலு கோல் போட்டவர் வேறு எவருமில்லை. ஆட்டத்தில் லீவ்ஸ் மேலதிக நேரத்தில் ஐந்துக்கு நாலு என்று தோற்றது. கலைத்துக் கட்டும் அணியின் கதை அந்த ஒரு இரவுக்குள்ளேயே இருந்தது: முத்து கிடைத்துவிட்டது, கோர்க்கும் நூல் இன்னும் இல்லை.

பருவம் போகப்போக லைன்கள் இப்படி நிலைத்தன. மத்தியூஸுக்கு ஒரு பக்கம் ஹைமன், மறுபக்கம் நீலண்டர். நாஸெம் கட்ரிக்கு லியோ கொமரொவும் கொனர் பிரவுனும். ரைலர் போஸாக்கோடு ஜேம்ஸ் வான் ரீம்ஸ்டைக்கும் பத்தொன்பது வயது மார்னரும். நாலாவது லைனில் மற் மார்ட்டின் போன்ற முரட்டு ஆட்கள். மருமகனின் வழக்கு இது: மத்தியூஸ் கொடுக்கும் பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, ஹைமன் வீணாக்குகிறான். கோல் வாசலில் நின்றும் போடத் தெரியவில்லை. வான் ரீம்ஸ்டைக் உயரமானவன், கோல் முன்னால் நிற்கப் பழகியவன், அவனை அங்கே போட்டால் மத்தியூஸ் ஐம்பது கோல் போடுவான்.

"மாமா, இண்டைக்கும் ஹைமன் வெறும் நெற்றைத் தவறவிட்டவன். பாத்தனீங்களே?"

"பாத்தனான் தம்பி. அதுக்கு முதல் அந்தப் பக்கை மூலையில இருந்து எடுத்துக்கொண்டு வந்தது ஆர் எண்டும் பாத்தனான்."

எனக்கு அந்த ஆளை முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது, காரணம் புதுக்கடை. மேன்முறையீட்டு வழக்கொன்றில் மூத்த சட்டத்தரணி எழுந்து நிற்கிறார். குரல் அவருடையது, பேர் அவருடையது. பக்கத்தில் கனிஷ்டர் உட்கார்ந்திருக்கிறார். நீதியரசர் திடீரென்று ஒரு கேள்வி போடுகிறார். சீனியர் திரும்பிப் பாராமல் கையை மட்டும் பின்னால் நீட்டுகிறார். அந்தக் கையில் உரிய சட்ட அறிக்கைத் தொகுதி, உரிய பக்கம் விரித்தபடி வந்து உட்கார்கிறது. எச். வி. பெரேரா, எஸ். நடேசன் காலத்து வழக்குகளைப் பற்றிப் பழைய கிளாக்மார் சொல்லும் கதைகளிலும் வாதத்துக்கு நிகராக இந்தக் கை நீட்டல் வரும். கெட்டிக்கார சீனியருக்குப் பக்கத்தில் இன்னொரு பேச்சாளரை உட்கார்த்தினால் வழக்கு உருப்படாது. இருவருக்கும் எழும்பத்தான் தெரியும். தொகுதியை எடுத்துக் கொடுக்க ஆள் இராது. தானும் நாளைக்கு எழும்ப வேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்தாலும், இன்றைக்கு எது வேண்டுமோ அதைச் செய்கிறவர்தான் அந்தக் கதிரைக்கு வேண்டும். ஹைமனை நான் அந்தக் கதிரையில் கண்டேன்.

மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் உடனே ஏற்கவில்லை. "கோட்டில கோல் போடத் தேவையில்லைதானே மாமா" என்றான். நல்ல பதில்தான். ஆனால் வான் ரீம்ஸ்டைக்கை அங்கிருந்து எடுத்தால் மார்னரின் கதி என்ன என்று நான் திருப்பிக் கேட்டேன். மார்னர் மெலிந்த பெடியன். அவனுக்குக் கண் நல்லது, பாஸ் நல்லது. அவன் கொடுப்பதை முடித்து வைக்க ஆள் வேண்டும். வான் ரீம்ஸ்டைக்கும் போஸாக்கும் அனுபவசாலிகள். அந்த லைனைப் பாப்கொக் பெரும்பாலும் எதிராளியின் பகுதியில்தான் தொடங்க விட்டார், அபாயம் குறைந்த இடத்தில். எதிரணியின் மிகப் பெரிய லைனை மறிக்கிற சுமை கட்ரிக்கும் கொமரொவுக்கும். அந்தச் சுமையை அவர்கள் எடுத்ததால்தான் இந்தப் பக்கத்தில் சின்னவர்கள் மூச்சுவிட முடிந்தது. ஒரு லைனில் கை வைத்தால் மூன்று லைன் ஆடும்.

கட்ரி என்றதும் தேத்தண்ணிக் கடை நானாவைச் சொல்லாமல் விட முடியாது. என் தொலைபேசிப் பேச்சு அவருடைய மேசைக்குப் பக்கத்தில்தான் நடக்கும். தொடக்கத்தில் "மத்தியூஸ், மத்தியூஸ்" என்று கேட்டு, அஞ்சலோ மத்தியூஸைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்திருந்தார். அப்போது அஞ்சலோதான் இலங்கைக் கிரிக்கெட் தலைவர். பிறகு கட்ரி என்ற பெயர் காதில் விழ, யார் என்று விசாரித்தார். லெபனானிலிருந்து வந்த குடும்பம், ஒன்ராறியோவின் லண்டன் நகரத்துப் பிள்ளை, முஸ்லிம் என்றேன். அன்றிலிருந்து இஞ்சிப் பிளேன்ரீயை வைக்கும்போதே கேட்பார்: "எங்கட ஆள் இண்டைக்கு என்ன செஞ்சாரு?" அந்தப் பருவத்தில் கட்ரி 32 கோல் போட்டார், அதுவும் மறிக்கும் வேலையைச் செய்துகொண்டே. நானாவுக்குப் பனித்தளம் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் பாரமான வேலையைச் சத்தமில்லாமல் தூக்குகிற ஆளை அவருக்குத் தெரியும். 2022இல் கட்ரி கொலராடோ அணியோடு ஸ்ரான்லி கிண்ணத்தை வென்று, அதைத் தன் ஊர்ப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோன படத்தை நான் நானாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

இங்கேயும் அதே காலத்தில் ஒரு கிரிக்கெட் அணி கலைந்து கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 2015 ஓகஸ்டில் பி. சரவணமுத்து மைதானத்தில் சங்கக்கார கடைசி ரெஸ்ற் ஆடிவிட்டுப் போனார். மஹேல அதற்கு முன்னமே போய்விட்டார். 2016 ஜூலையில் பல்லேகலையில் முதல் இன்னிங்ஸில் 117க்குச் சுருண்ட அணி, இருபத்தொரு வயதுக் குசல் மெண்டிஸின் 176ஓடு எழும்பி அவுஸ்திரேலியாவை வென்றது. தொடரே 3-0. முப்பத்தெட்டு வயது ரங்கன ஹேரத் அந்தத் தொடரில் 28 விக்கெற். கிழவனும் பெடியனும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதால் வந்த வெற்றி அது. அடுத்த வருடமே சிம்பாப்வேயிடம் சொந்த மண்ணில் ஒருநாள் தொடரைத் தோற்றோம், அஞ்சலோ தலைமையை விட்டார். துடுப்பாட்ட வரிசையைத் தொடருக்குத் தொடர் மாற்றினார்கள். எந்தப் பெடியனும் தனக்கு எதிர்முனையில் நாளைக்கு யார் நிற்பார் என்று தெரியாமல் ஆடினான். ரொறன்ரோவில் ஒரு பருவம் முழுக்க லைன்களைப் பெரிதாகக் குழப்பாமல் வைத்திருந்த பிடிவாதத்தை நான் மதித்தது இதனாலும்தான். மருமகன் அதை முரட்டுத்தனம் என்பான்.

2017 பெப்ரவரியில் அக்கா அழைத்து நான் ரொறன்ரோ போனேன். ஸ்காபரோ வீட்டின் நிலக்கீழ் அறையில் மருமகனும் சிநேகிதரும் சனிக்கிழமை ஆட்டத்தைப் பஞ்சாபி வர்ணனையோடு வைத்துப் பார்த்தார்கள். ஹொக்கி பஞ்சாபியில் வருகிறது என்பதை நான் அங்கேதான் அறிந்தேன். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் வர்ணனையாளர் குரல் ஏறுவதை வைத்தே பக் எங்கே போகிறது என்று தெரிந்தது. எங்கள் மொழியிலும் இப்படி ஒருவர் கத்தினால் எப்படி இருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். கோலுக்கு முன்னால் நடக்கும் தள்ளுமுள்ளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அன்றிரவு அக்கா உட்பட எல்லோரும் முயன்று பார்த்தோம். அக்கா சொன்னதுதான் நன்றாக இருந்தது: "கோயில் வாசல்ல அன்னதானத்துக்கு நிக்கிற மாதிரி."

பிறகு ஒரு நாள் மருமகன் என்னை மைதானத்துக்கே கூட்டிப்போனான். கெனடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறி, புளோர்-யங்கில் மாறி, யூனியனில் இறங்கினால் மைதானம் பக்கத்தில். அப்போது அதன் பெயர் எயார் கனடா சென்ரர். கூரையோரத்து மலிவு இருக்கை. மலிவு என்றது அவன், விலையைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. கீழே பனி, வெள்ளையும் இல்லாத நீலமும் இல்லாத ஒரு நிறம். குளிர் முகத்தில் அடித்தது. தொலைக்காட்சியில் கேட்காத ஒன்று அங்கே கேட்டது: சறுக்குக் கத்தி பனியைக் கீறும் சத்தம்.

உயரத்திலிருந்து பார்த்தபோதுதான் லைன் என்பது முழுதாகக் கண்ணுக்குத் தெரிந்தது. தொலைக்காட்சி பக்கைத் துரத்தும். பக் இல்லாதவன் என்ன செய்கிறான் என்பதை அது காட்டாது. இரண்டாவது பகுதி முழுக்க நான் 11ஆம் இலக்கத்தை மட்டும் பார்த்தேன், ஹைமனை. அந்தப் பகுதியில் அணிகள் பக்கம் மாறுவதால் தங்கள் கோலைக் காக்கும் இடத்திலிருந்து ஆள்மாற்றும் இருக்கை தூரமாகிவிடும். களைத்த லைன் அகப்பட்டால் வெளியேற முடியாது. ஹைமனின் வேலை எதிராளியை அப்படி அகப்பட வைப்பது. பக் மூலைக்குப் போகும், இவன் முதலில் போவான், இரண்டு பேர் இவனைச் சுவரோடு நசுக்குவார்கள், காலால் தட்டி, தடியால் கிளறி எப்படியோ அதை வெளியே தள்ளுவான். அது மத்தியூஸின் தடியில் போய் நிற்கும். மத்தியூஸ் அதுவரை எவரும் தொடாத இடமாகப் பார்த்துப் போய் நின்றிருப்பான். அவனுக்கு அந்த ஓய்வைச் சம்பாதித்துக் கொடுத்தது மற்றவனின் முதுகு. நீலண்டர் பக்கைக் கொண்டுவருவான், ஹைமன் இழந்ததை மீட்பான், மத்தியூஸ் முடிப்பான். மூன்று வேலை, மூன்று ஆள். இரண்டு நீலண்டர் இருந்தால் இது நடக்காது.

மருமகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி மாமா, விளங்குது" என்றான். "ஆனா அவன் கோலும் போட வேணும்."

அந்தப் பருவம் 95 புள்ளியில் முடிந்தது. முந்திய வருடத்தைவிட 26 கூட. மத்தியூஸ் 40 கோல், சிறந்த புதுமுகத்துக்கான விருதும் அவனுக்கே. மார்னரும் நீலண்டரும் ஆளுக்கு 61 புள்ளி, கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து. வெளியேற்றுச் சுற்றில் வொஷிங்ரனோடு ஆறு ஆட்டம், அதில் ஐந்து மேலதிக நேரத்துக்குப் போனது. ஏப்ரல் 23இன் கடைசி ஆட்டம், இங்கே திங்கட்கிழமை விடியல், இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தபோது தோல்வி எனக்கு வலிக்கவேயில்லை. வைத்த மரம் பிடித்துவிட்டது என்ற நிம்மதிதான் இருந்தது.

2017 இலையுதிர்காலத்தில் பாப்கொக் மார்னரை நாலாவது லைனுக்கு இறக்கினார். அந்த விடயத்தில் மாமனும் மருமகனும் ஒரே கட்சி. பாஸ் கொடுக்கப் பிறந்த பிள்ளையை, முட்டி மோதுவதற்கென்று வைத்திருக்கும் லைனில் போட்டு எதைக் கற்பிப்பது? பிறகு அவனைக் கட்ரியோடும், அந்தக் கோடையில் வந்து சேர்ந்த முப்பத்தெட்டு வயதுப் பற்றிக் மார்லோவோடும் விட்டபோது அவன் மலர்ந்தான். அடுத்த பருவத்தில் ஜோன் ரவாரஸோடு சேர்ந்து 94 புள்ளி, ரவாரஸ் 47 கோல். அவர்களுக்கு இடப்பக்கம் விளையாடியது யார்? ஹைமன்தான். 2019 நவம்பரில் பாப்கொக்கை நீக்கிய பிறகு ஒரு செய்தி வந்தது: மார்னரின் முதல் பருவத்தில், சக ஆட்டக்காரரை உழைப்பின் அடிப்படையில் வரிசைப்படுத்தித் தரச் சொல்லி அவனிடம் எழுதி வாங்கியிருக்கிறார், அது மற்றவர்களுக்கும் தெரிந்துபோயிருக்கிறது. அவர் மன்னிப்பும் கேட்டிருந்தார். யாரை யார் பக்கத்தில் வைப்பது என்று நன்றாகத் தெரிந்த மனிதர், பக்கத்தில் இருப்பவர்களுக்கு நடுவில் இப்படி ஒன்றைப் போட்டது எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அப்போது வயது பத்தொன்பது.

ஹைமன் 2021இல் எட்மன்ரனுக்குப் போனான். கொனர் மக்டேவிட்டின் பக்கத்தில் நின்று 2023-24 பருவத்தில் 54 கோல் போட்டான். கோல் போடத் தெரியாதவன் என்ற அதே ஆள். எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிய அன்று மருமகனே எடுத்துச் சொன்னான். குரலைக் கேட்டால் என்னைவிட அவனுக்குத்தான் கூடுதல் மகிழ்ச்சி. லீவ்ஸ் கட்டி எழுப்பிய அணி 2023இலும் 2025இலும் மட்டுமே ஒரு சுற்றைத் தாண்டியது. கிண்ணம் இன்னும் 1967இல்தான் நிற்கிறது. அது மத்தியூஸ், மார்னர், நீலண்டர் மூவரின் பிழை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்ரி, போஸாக், வான் ரீம்ஸ்டைக், கொமரொவ், ஹைமன் என்று அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போக விடப்பட்டார்கள். பணம் முழுக்க எழும்பிப் பேசுகிறவர்களுக்குப் போய்விட்டது. தொகுதி எடுத்துக் கொடுக்க ஆள் தேட வேண்டியதாயிற்று. போஸாக் 2019இல் சென் லூயிஸோடு கிண்ணம் வென்றதையும் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன்.

2025 கோடையில் மார்னரும் வேகஸுக்குப் போய்விட்டான். இப்போது மருமகனுக்கும் பிள்ளைகள் உண்டு. மூத்தவன் ஸ்காபரோவில் சின்னப் பிள்ளைகள் அணியில் ஆடுகிறான், காலை ஆறு மணிப் பயிற்சிக்கு அப்பன்தான் சப்பாத்து நாடா இறுக்கிவிடுகிறான். எங்கள் வாக்குவாதம் புதுப் பேர்களோடு நடக்கிறது. மத்தியூஸின் இடப்பக்கத்தில் மத்தியூ நைஸ் இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் சம்மதம். அவனும் அரிசோனாப் பிள்ளை, அவனும் மூலைக்குப் போக அஞ்சாதவன். வலப்பக்கம்தான் சிக்கல். நீலண்டரை அங்கே போட்டு எல்லா நெருப்பையும் ஒரே அடுப்பில் மூட்டச் சொல்கிறான் மருமகன். நீலண்டரை ரவாரஸோடு விட்டுவிட்டு, சம்பளம் குறைந்த, பேர் தெரியாத, பக்கை மீட்கத் தெரிந்த ஒருவனை மத்தியூஸோடு ஒரு மாதமாவது குழப்பாமல் விட்டுப் பார் என்கிறேன் நான். "ஒரு மாதம் ஆர் பொறுப்பினம் மாமா, ரொறன்ரோவில?" என்று கேட்கிறான். பொறுக்கத்தான் வேண்டும் தம்பி என்றேன். ஒரு பருவம் முழுக்க ஆட்டம் இருக்கிறது.